பழைய பெஜோவுக்கு மலையேறும் கியர்

1970, 80களின் பெஜோ, மோட்டோபெகான், ஜித்தான் ரோடு சைக்கிள்கள் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இன்னும் கிடைக்கின்றன. கார் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடக்கும், இல்லாவிட்டால் லெபோன்கோன் இணையதளத்தில் விளம்பரமாக வந்து நிற்கும். வாங்கியவர்கள் முதலில் பெயிண்டையும் ஹேண்டில் டேப்பையும் பற்றித்தான் யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டியது கியரை. அந்தச் சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் 52/42 பல், பின்னால் 14 முதல் 24 பல். சமதளத்தில் வேகமாக ஓட்டுகிற இளங்காலுக்கு வைத்த கியர் அது. இந்தத் தீவிலோ கடலோரச் சாலையை விட்டு உள்ளே திரும்பினாலே ஏற்றம். சேன்-ஆந்த்ரேயிலிருந்து சலாஸி வழியாக எல்-பூர் போய்ச் சேர்ந்தால் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். சிலாவோஸ் சுமார் 1200, மாய்தோ முனை சுமார் 2200.

ஆகவே கணக்கை மிக லேசான கியரில் தொடங்குங்கள். எந்த மலையை ஏறப் போகிறீர்கள், அதற்கு எவ்வளவு லேசான கியர் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு, உங்கள் சைக்கிளில் எந்த ஒரு சாமானை மாற்றினால் மிகக் குறைந்த செலவில் அது கிடைக்கும் என்று பாருங்கள். வேகமான கியர் எப்படியும் மிச்சமாக வந்து சேரும்.

கடைக்குப் போகுமுன் ஒரு சொல்: நாம் செயின் வீல் (முன் பல்தட்டு) என்பதை இங்கே பிளாத்தோ என்பார்கள். ஃப்ரீவீல் (பின் ஹப்பில் மரையில் ஏறும் பல்சக்கரத் தொகுதி) என்றால் ரூ லிப்ர், டெரெய்லர் (செயினைப் பல் மாற்றித் தள்ளும் கருவி) என்றால் தெராயேர், பி.பி. (பெடல் கைகளின் ஆக்சில் சுற்றும் இடம்) என்றால் புவாத்தியே. இந்த நான்கும் தெரிந்தால் வேலை நடக்கும்.

மீட்டரில் கணக்கு

பிரெஞ்சுக்காரர்கள் கியரை மீட்டரில் சொல்கிறார்கள். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சைக்கிள் எத்தனை மீட்டர் நகரும் என்பதுதான் அது. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, வரும் எண்ணைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்க வேண்டும். 700×25 டயருக்கு 2.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும். 42-ஐ 24-ஆல் வகுத்தால் 1.75, 2.1-ஆல் பெருக்கினால் 3.68 மீட்டர். அதையே 3.6-ஆல் பெருக்கினால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது வரும் வேகம்: மணிக்கு 13.2 கிலோமீட்டர்.

இது காலுக்கு என்ன செய்யும் என்று பார்க்கலாம். ஆள் 68 கிலோ, சைக்கிள் 12 கிலோ, ஏற்றம் 8 சதவீதம். 42/24-இல் 60 சுற்று மிதிக்கச் சுமார் 260 வாட் வேண்டும். ஒழுங்காகப் பயிற்சி செய்பவரைத் தவிர வேறு யாரும் ஒரு மணி நேரம் அதைத் தாங்க மாட்டார்கள். 34/28 என்றால் 2.55 மீட்டர், மணிக்கு 9.2 கிலோமீட்டர், சுமார் 175 வாட். சாதாரண ஆளுக்கு இது முடியும்.

"42/24-இலேயே மெதுவாக மிதித்துக்கொள்கிறேனே" என்பவர்கள் உண்டு. மிதிக்கலாம். அதே 9 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுற்று நிமிடத்துக்கு 40-ஆகக் குறையும். ஒவ்வொரு மிதியிலும் கொடுக்க வேண்டிய அழுத்தம் 1.4 மடங்குக்கு மேல் போகும். முதலில் முட்டி வலிக்கும். பிறகு செயினும் பி.பி.யும் தேயும்.

எங்கள் அளவுகோல் இது. கடலோரமும் ஊருக்குள் சின்ன மேடுகளும் மட்டும் என்றால் மிக லேசான கியர் 3.2 மீட்டர் போதும். எல்-பூர், சிலாவோஸ் போக 2.6 பக்கம் வேண்டும். மாய்தோவுக்குச் சாதாரணக் கால் என்றால் 2.3 அல்லது அதற்கும் கீழே. பந்தயம் ஓட்டுபவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்; அவர்கள் பழைய சைக்கிளுக்குக் கியர் தேடுவதில்லை.

கனமான பக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். 46/14 என்றால் 6.9 மீட்டர், 90 சுற்றில் மணிக்கு 37 கிலோமீட்டர். 52/14 என்றால் 7.8 மீட்டர், 42 கிலோமீட்டர். இடையில் உள்ள அந்த 5 கிலோமீட்டர், காற்று முதுகில் அடிக்கும்போது குழுவாக ஓட்டுபவருக்குத்தான் உதவும். இறக்கத்தில் யாரும் மிதிப்பதில்லை, வளைவு வளைவாகப் பிரேக்கைத்தான் பிடிப்பார்கள்.

மரையைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சைக்கிள்களின் மரை தனி ரகம். இப்போது கடையில் உள்ள ஃப்ரீவீல் எல்லாம் ஐ.எஸ்.ஓ. மரை: 34.9 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. பழைய பிரெஞ்சு ஹப் 34.7 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. புது ஃப்ரீவீல் பிரெஞ்சு ஹப்பில் தளர்வாக ஏறி உட்காரும், சரியாகிவிட்டது போலவே தோன்றும். முதல் செங்குத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஹப்பின் மரையைச் சீவிக்கொண்டு சுற்றும். அதோடு ஹப் போச்சு. தலைகீழாக, பிரெஞ்சு ஃப்ரீவீலை ஐ.எஸ்.ஓ. ஹப்பில் ஏற்றப் பார்த்தால் இரண்டு சுற்றில் இறுகி நின்றுவிடும்.

விட்டத்தை வெர்னியரில் அளந்து கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள்; தேய்மானத்தில் குழப்பும். மரையின் இடைவெளியைப் பாருங்கள். இதற்குத் தனிக் கருவி வேண்டாம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண 6 மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளி சரியாக 1 மி.மீ. பழைய ஃப்ரீவீலைக் கழற்றி, ஹப்பின் மரையைப் பெட்ரோலும் பல் துலக்கும் பிரஷும் வைத்துச் சுத்தம் செய்து, போல்ட்டின் மரையை அதன் மேல் நீளவாக்கில் வையுங்கள். நகங்கள் பின்னிக்கொள்வது போல முழு நீளமும் உட்கார்ந்தால் பிரெஞ்சு மரை. ஒரு முனையில் உட்கார்ந்து ஏழெட்டு மரை தாண்டியதும் மறுமுனை தூக்கினால் ஐ.எஸ்.ஓ. அல்லது இங்கிலீஷ் மரை. அவை ஒன்றுக்கொன்று பொருந்தும், புது ஃப்ரீவீலைத் தைரியமாக வாங்கலாம். விளக்கை ஹப்புக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் இடைவெளியில் வெளிச்சம் தெரியும், சந்தேகமே இருக்காது.

பிரெஞ்சு மரை என்று தெரிந்தால் வழி இரண்டு. பழைய மாய்யார் அல்லது ஆட்டம் ஃப்ரீவீலில் 28 பல் உள்ளது எங்காவது கிடைக்கிறதா என்று தேடலாம், அல்லது பின்சக்கரத்தையே மாற்றலாம். இரும்பு ரிம் உள்ள சைக்கிள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சக்கரத்தை மாற்றுங்கள். பளபளக்கும் குரோம் ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது. சலாஸியில் மழை பெய்யாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1980களின் சில பெஜோக்களில் மாய்யார் எலிகோமாட்டிக் என்ற ஹப் இருக்கும். மரைக்குப் பதில் சாய்ந்த பள்ளங்களில் ஃப்ரீவீல் வழுக்கி ஏறும். சின்ன வளையம் ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும். கழற்ற எளிது, அந்தக் காலத்தில் அதுதான் பெருமை. ஆனால் வலது பக்கப் பால்ஸ் சிறியவை, சீக்கிரம் தேய்பவை. அதற்கு ஏற்ற ஃப்ரீவீல் யாரும் இப்போது செய்வதில்லை. அதில் செலவு செய்யாதீர்கள்.

ஃப்ரீவீலைக் கழற்றுவது

கடற்காற்றில் நாற்பது வருடம் இருந்த ஃப்ரீவீல் லேசில் வராது. முதலில் சரியான கருவி. பழைய மாய்யார், ஆட்டம் ஃப்ரீவீல்களில் சில இரண்டு பள்ளம் உள்ளவை, சில உள்ளே பல பல் உள்ளவை. ஒன்றின் கருவி மற்றதற்குப் பொருந்தாது, பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு பள்ளக் கருவி வழுக்கினால் பள்ளம் உடைந்துவிடும். அதனால் கருவியை வைத்ததும் ஆக்சில் நட்டையோ குயிக் ரிலீஸையோ அதன் மேல் இறுக்கிவிட வேண்டும்.

துரு நீக்கும் எண்ணெயை ஃப்ரீவீலுக்கும் ஹப்புக்கும் இடையில் பின்பக்கத்திலிருந்து விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கருவியை மேஜை வைஸில் கவ்விச் சக்கரத்தை மேலே படுக்கவைத்து, ரிம்மை இரு கையாலும் பிடித்து, லாரி ஸ்டீரிங்கைத் திருப்புவது போல இடப்புறமாகத் திருப்புங்கள். வைஸ் இல்லாதவர்கள் நீளமான ஸ்பானரும் இரும்புக் குழாயும் வைத்துச் செய்யலாம், ஆனால் கை காயமாகும். "டக்" என்று விட்டதும் நிறுத்துங்கள். நட்டைத் தளர்த்திய பிறகுதான் மேலே சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஃப்ரீவீல் வெளியே வரும் விசையில் ஆக்சில் மரை போய்விடும்.

போக்ஸ் கம்பியை வெட்டிச் சக்கரத்தைப் புதிதாகக் கட்டப் போகிறவர்களுக்கு: முதலில் ஃப்ரீவீல், பிறகுதான் கம்பி. வெட்டிய பிறகு வெறும் ஹப்பைப் பிடித்துத் திருப்ப எதுவும் இருக்காது.

புதியதை ஏற்றும்போது மரை முழுவதும் கிரீஸ் தடவுங்கள். இந்தத் தீவில் இதை விட்டுவிட்டால் அடுத்த முறை கழற்றவே முடியாது. கடைசிவரை கையால் மட்டும் சுற்றுங்கள். இறுகினால் பின்வாங்கி நேராக வைத்து மறுபடி தொடங்குங்கள். கடைசி இறுக்கத்தை மிதிக்கும்போது உங்கள் காலே கொடுத்துவிடும்.

எந்த ஃப்ரீவீல்

5 பல்சக்கர ஃப்ரீவீல், 14-28 அளவில், சன்ரேஸ் இன்னும் செய்கிறது. 6 பல்சக்கரம் என்றால் ஷிமானோவின் 14-16-18-21-24-28 எளிதில் கிடைக்கும். இரண்டும் விலை குறைந்தவை. எடை கூடுதல்தான், அதனால் ஒன்றும் ஆகாது. 42-உடன் 28 சேர்ந்தால் 3.15 மீட்டர். 24-லிருந்து 28-க்குப் போவதால் மட்டும் கிடைக்கும் இலகு இது. கடலோரத்துக்கும் ஊர் மேட்டுக்கும் இதோடு முடித்துக்கொள்ளலாம்.

7 பல்சக்கரத்தில் 14-34 ஒன்று உண்டு. 24-க்குப் பிறகு நேராக 34-க்குத் தாவும். அந்தத் தாவலில் கால் காற்றில் மிதிப்பது போல இருக்கும், பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் கிராங்கை (பெடல் கையை) ஆக்சிலோடு ஆப்பு போலப் பிடிக்கும் காட்டர் பின் உள்ள பழைய சைக்கிளுக்கு இது நல்ல வழி, ஏனென்றால் முன்னால் எதையும் தொடாமல் 42/34-இல் 2.59 மீட்டர் கிடைத்துவிடும். எல்-பூர் ஏறலாம்.

அகலத்தைக் கவனியுங்கள். பின் ஃபோர்க்கின் உள்ளளவு 5 பல்சக்கரச் சைக்கிளில் 120 மி.மீ., 6, 7 பல்சக்கரத்தில் 126. பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் 5.5 மி.மீ. என்பதால், 120-இல் சாதாரண 6 பல்சக்கரம் போட்டால் 14 பல்லில் செயின் ஃபோர்க்கை உரசும். 120-ஐ 126 ஆக்க ஆக்சிலின் வலப்பக்கம் 6 மி.மீ. வாஷர் சேர்த்தால், ஹப் இடப்பக்கம் 3 மி.மீ. ஒதுங்கும். வலப்பக்கப் போக்ஸ் கம்பிகளை இறுக்கி ரிம்மை 3 மி.மீ. வலப்பக்கம் கொண்டுவர வேண்டும். ஆக்சில் நீளம் போதுமா என்றும் பாருங்கள். குயிக் ரிலீஸ் ஆக்சில் என்றால் ஃபோர்க் அளவைவிடச் சுமார் 11 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர் 5 பல்சக்கரத்திலேயே இருப்பது புத்திசாலித்தனம்.

முன்னால் என்ன செய்யலாம்

செயின் வீலை மாற்ற முடியுமா என்பது கிராங்கைப் பொறுத்தது. பல்தட்டு கிராங்கோடு ரிவெட் அடித்திருந்தால் முழு கிராங்கையும் மாற்ற வேண்டும். ஐந்து போல்ட் வைத்திருந்தால், பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து 0.588-ஆல் வகுங்கள், போல்ட் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 84.6 மி.மீ. அளந்தால் 144 வட்டம். அதில் நடைமுறையில் 42 பல்லுக்குக் கீழே போக முடியாது. 76.4 என்றால் 130 வட்டம், 38 பல் வரை. 71.7 என்றால் ஸ்ட்ராங்லைட்டின் பழைய 122 வட்டம், அதுவும் 38. 64.7 வந்தால் 110 வட்டம். 34 வரை போகலாம். 50.5 அளந்தால் ஸ்ட்ராங்லைட்டின் 86 வட்டம், 28 பல் வரை இறங்கலாம். அப்படி ஒரு கிராங்க் கையில் கிடைத்தால் விற்றுவிடாதீர்கள். மலைத்தீவுக்கென்றே செய்தது போல இருக்கும்.

52/42-இல் 42-ஐ மட்டும் 38 ஆக்க முடிந்தால், 28-உடன் 2.85 மீட்டர் வரும். ஒரே ஒரு பல்தட்டின் செலவு.

கிராங்கைக் கழற்ற இழுப்பான் வாங்கும்போது கவனம். இன்றைய இழுப்பான் 22 மி.மீ. மரை. டி.ஏ. கிராங்க் 23, பழைய ஸ்ட்ராங்லைட் 23.35. 22-ஐ உள்ளே விட்டால் ஏதோ பிடிப்பது போல இருக்கும், இழுக்கும்போது கிராங்கின் அலுமினிய மரையை உரித்துக்கொண்டு வெளியே வரும். காட்டர் பின் உள்ளவர்கள் புதுப் பின் வாங்கினால் பிரெஞ்சுச் சைக்கிளுக்கு 9 மி.மீ.; 9.5 மி.மீ. பின்னை அரத்தால் ராவிப் பொருத்தப் பார்க்காதீர்கள்.

புதிய 110 வட்ட 46/34 கிராங்க் போடுவதென்றால் பி.பி. ஆக்சிலும் மாற வேண்டியிருக்கலாம். பி.பி.யிலும் மரைச் சிக்கல் உண்டு. பிரெஞ்சு பி.பி. 35 மி.மீ., 1 மி.மீ. மரை, இரு பக்கமும் இடப்புறம் திருப்பினால் கழலும். இங்கிலீஷிலும், சில மோட்டோபெகான்களில் இருக்கும் ஸ்விஸ் மரையிலும், செயின் பக்கக் கப் வலப்புறம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் குழாய் போட்டு இழுத்தால் இன்னும் இறுகும். பழைய கப்பும் ஆக்சிலும் வழுவழுப்பாக இருந்தால் அவற்றைத் தொடாமல் சுத்தம் செய்து, பக்கத்துக்கு 11 புது கால் அங்குலப் பால்ஸ், நிறையக் கிரீஸ், அவ்வளவுதான். ஆக்சில் நீளம் சரியா என்று பார்க்க, ஃப்ரேமின் நடுக்குழாயின் மையத்திலிருந்து இரு பல்தட்டுக்கும் நடுவிடம் வரை அளவெடுங்கள்; 43.5 மி.மீ. பக்கம் வந்தால் நல்லது. 50-ஐத் தாண்டினால் பின் பெரிய பல்லில் செயின் கோணலாக ஓடும்.

46/34-ஐ 6 பல்சக்கர 14-28-உடன் போட்டால் என்ன கிடைக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். 46-இல் 6.9, 6.04, 5.37, 4.6, 4.03, 3.45. 34-இல் 5.1, 4.46, 3.97, 3.4, 2.98, 2.55. காகிதத்தில் 12 கியர். ஆனால் 46/24-உம் 34/18-உம் ஒன்றுதான். 46/28-உம் 34/21-உம் ஒன்றுதான். மெய்யாகப் பத்து. குறை என்று தோன்றலாம், அது வசதி. மேடு வரும்போது முன்னால் 34-க்கு இறங்கி, பின்னால் இரண்டு பல்சக்கரம் கனமாக்கினால் காலின் தாளம் மாறாது.

முன் டெரெய்லரை இறக்க மறந்துவிடாதீர்கள். ஒரு பல்லுக்கு ஆரம் சுமார் 2 மி.மீ. மாறும். 52-லிருந்து 46-க்கு வந்தால் 12 மி.மீ. கீழே கொண்டுவர வேண்டும். செயின் நுழையும் கூட்டின் வெளித்தகடு பெரிய பல்லுக்கு 2 மி.மீ. மேலே நிற்கட்டும். சிம்ப்ளெக்ஸின் பழைய முன் டெரெய்லர் டெல்ரின் பிளாஸ்டிக். பட்டை விரிந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். புதியது வாங்கினால் பட்டை 28.6 மி.மீ. குழாய்க்கானது, பிரெஞ்சுக் குழாய் 28. இடையிலுள்ள 0.6 மி.மீ.யை நிரப்ப, கூல்டிரிங் டின்னை வெட்டி மூன்று சுற்று சுற்றினால் பிடித்துக்கொள்ளும்.

பின் டெரெய்லரும் செயினும்

பின் டெரெய்லர் எவ்வளவு தளர்ந்த செயினை இழுத்துக்கொள்ளும் என்பதற்கும் ஒரு கணக்கு: முன் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, பின் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, இரண்டையும் கூட்டுங்கள். 52/42, 14-28 என்றால் 24. 46/34, 14-28 என்றால் 26. 46/34, 14-34 என்றால் 32. குட்டைக் கூட்டுள்ள பழைய பந்தய டெரெய்லர் முதல் இரண்டைச் சமாளிக்கலாம், மூன்றாவதை முடியாது. அதற்கு ஷிமானோ டூர்னி, ஆல்ட்டஸ் போன்ற நீளக் கூட்டுள்ள மலிவான டெரெய்லர் போதும்.

பழைய சிம்ப்ளெக்ஸ் டெரெய்லரைக் கழற்றினால் ஃபோர்க்கின் காதில் மரை இல்லாத துளை மட்டும் இருக்கலாம். இன்றைய டெரெய்லருக்கு 10 மி.மீ., 1 மி.மீ. மரை வேண்டும். டேப் போட்டு மரை வெட்டி, நிறுத்தும் விளிம்பையும் அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். ஃப்ரேமில் கைவைக்க மனமில்லாதவர் ஆக்சிலில் மாட்டும் கொக்கியோடு வரும் டெரெய்லரை வாங்கலாம். அழகு குறைவு, வேலை சரியாக நடக்கும்.

ஃப்ரேமின் கீழ்க்குழாயில் உள்ள பழைய லிவரை மாற்றாதீர்கள். அதில் "டிக், டிக்" கிடையாது. நீங்கள் இழுக்கும் அளவுக்கு வரும். அதனால்தான் 5, 6, 7, 8 பல்சக்கரம் எதுவானாலும், எந்த டெரெய்லரானாலும் ஒத்துப்போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய சைக்கிளைச் சிறு செலவில் புதுப்பிக்க முடிகிறது. கேபிளும் உறையும் மட்டும் புதியதாகப் போடுங்கள்.

ஃப்ரீவீல் புதியதென்றால் செயினும் புதியதாக இருக்க வேண்டும். 7, 8 பல்சக்கரச் செயின் 5, 6-க்கும் ஓடும். பழைய செயின் எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்க, இரும்பு ஸ்கேலால் 12 முழுக் கண்ணி அளங்கள்: புதியதில் 304.8 மி.மீ. 306.4 ஆகிவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். 308 என்றால் பின் பல்களையும் தின்றுவிட்டது. புதுச் செயினை அந்தப் பல்லில் போட்டால் மிதிக்கும்போது தாவும். நீளத்துக்கு, செயினை டெரெய்லருக்குள் விடாமல் முன் பெரியது, பின் பெரியது இரண்டையும் சுற்றிப் போட்டு, முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு முழுக் கண்ணி கூட்டி வெட்டுங்கள். இதைக் குறைத்து வெட்டியவர் தெரியாமல் பெரியது-பெரியதுக்கு மாற்றினால் டெரெய்லரே பிய்ந்து போக்ஸ் கம்பிக்குள் போகும்.

சக்கரத்தையே மாற்றுவதென்றால்

ஹப் பிரெஞ்சு மரை, ரிம் இரும்பு, ஏறப்போவது மாய்தோ: மூன்றும் சேர்ந்தால் 700 அளவு அலுமினிய ரிம், கேசட் ஹப் (மரை இல்லாமல் பல்சக்கரங்களைச் சொருகும் ஹப்) உள்ள பின்சக்கரம் வாங்குவதே மலிவாக முடியும். 8 பல்சக்கரம் 11-32 போட்டால் 34-உடன் 2.23 மீட்டர். கேசட் ஹப்பில் வலப்பக்கப் பால்ஸ் ஆக்சிலின் முனையில் இருப்பதால் ஆக்சில் வளையாது. அகலமான 7 பல்சக்கர ஃப்ரீவீலில் அது அடிக்கடி வளையும், உடைந்தும் போகும். உடல் கனமானவர்கள் இதை மனதில் வையுங்கள்.

ரோடு கேசட் ஹப் 130 மி.மீ. 126 மி.மீ. இரும்பு ஃப்ரேமைக் கையால் சற்று விரித்தே மாட்டலாம். 120 என்றால் ஃபோர்க்கைப் பக்கத்துக்கு 5 மி.மீ. நிரந்தரமாக வளைத்துவிட வேண்டும். முன் தலைக்குழாயில் நூலைச் சுற்றி இரு நுனியையும் பின் ஃபோர்க்கின் இரு காதுகளில் கட்டி இறுக்கி, நடுக்குழாயிலிருந்து நூல் வரை இருபுறமும் அளங்கள். இரண்டும் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். விட்டுஸ் போன்ற பசை ஒட்டிய அலுமினிய ஃப்ரேமை ஒருபோதும் வளைக்காதீர்கள். ஒட்டு விட்டுவிடும்.

சாமான்களை மெட்ரோப்போலிலிருந்து (பிரான்ஸ் பெருநிலத்திலிருந்து) வரவழைப்பதானால் எல்லாவற்றையும் எழுதி வைத்து ஒரே பார்சலாகக் கேளுங்கள். பார்சலுக்குப் பார்சல் தபால் செலவு. அதற்கு மேல் ஒக்த்ருவா தெ மேர் என்ற இறக்குமதி வரி. நான்கு சின்னப் பார்சலாக வந்தால் ஃப்ரீவீலின் விலையே வரியிலும் தபாலிலும் போய்விடும். விற்பவர் ரீயூனியனுக்கு அனுப்புவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பலர் அனுப்புவதில்லை.

எல்லாம் மாட்டிய பிறகு, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே பின் பெரிய பல்லுக்கு மாற்றிப் பாருங்கள். செயின் பல்லைத் தாண்டிக் கம்பிப் பக்கம் போகப் பார்த்தால் டெரெய்லரின் உள் எல்லைத் திருகைக் கால் சுற்று இறுக்குங்கள். மேல் உருளை பெரிய பல்லை உரசினால் டெரெய்லரைச் சாய்க்கும் திருகை இறுக்குங்கள். பிறகும் உரசினால் அந்த டெரெய்லருக்கு அந்தப் பல் பெரிது. முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு கிராங்க் போல்ட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது கிராங்க் சதுர ஆக்சிலில் இன்னும் சிறிது ஏறி உட்கார்ந்திருக்கும். இறுக்காமல் மேட்டில் எழுந்து மிதித்தால் சதுரத் துளை வட்டமாகிவிடும், அதன் பிறகு எந்த போல்ட்டும் அதைப் பிடிக்காது.